குடியமா, நாகலாபுரமா, தடாவா? வடசென்னையிலிருந்து ஒரு நாள் மலைநடை

மழை விட்டு மார்கழி நெருங்கினால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்த முறை கேட்டது எதிர்வீட்டுப் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அக்கா, காலைல போய் ராத்திரிக்குள்ள திரும்பி வர்ற மாதிரி ஒரு மலை சொல்லுங்க." நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏறணுமா, குளிக்கணுமா?"

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருவொற்றியூரில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரே நாளில் போய்வரக்கூடிய மலைகள் என்று நான் சொல்வது மூன்று. பூண்டிக்கு அப்பால் குடியம் குகைகள், ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவில் நாகலாபுரம் மலை, வரதய்யபாளையம் பக்கம் உப்பலமடுகு. உப்பலமடுகு என்றால் பலருக்குத் தெரியாது, தடா அருவி என்றால் தெரியும். மூன்றுக்கும் பலமுறை போயிருக்கிறேன். மகனோடு, கொழுந்தனார் குடும்பத்தோடு, வேலை செய்யும் இடத்துத் தோழிகளோடு என்று ஒவ்வொரு தடவையும் கூட வந்தவர்கள் வேறு. எந்த மலை நல்ல மலை என்பது கூட வருகிறவர்களைப் பொறுத்து மாறுகிறது என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் தரை மட்டம். கொடுங்கையூரில் வளரும் பிள்ளைகளுக்கு மலை என்றால் குப்பை மலை. எண்ணூரில் அண்ணாந்து பார்க்க அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான் இருக்கிறது. செங்குன்றத்தின் பெயரில் குன்று இருக்கிறது, ஆனால் நாம் அங்கே போய்ப் பார்ப்பது ஏரியை. அதனால்தான் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது உண்மையான மலையில் நடக்கவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எண்ணூர் கழிமுகத்தில் கறுத்துப்போய்க் கடலில் சேர்கிறதே கொசஸ்தலையாறு, அது பூண்டி வழியாக வருவது. பொன்னேரி தாண்டி பழவேற்காட்டுப் பக்கம் போகும் ஆரணியாறு நாகலாபுரம், பிச்சாட்டூர் பக்கத்து மலைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வருவது. நம் ஊர் ஆறுகளைச் சுத்தமாகப் பார்க்க வேண்டும் என்றால் அவை புறப்படும் பக்கம்தான் போக வேண்டும்.

சரி, முதலில் போகும் வழி.

வண்டி இல்லாதவர்களுக்கு தடாதான் கைக்கு எட்டும். கடற்கரையில் இருந்தும் சென்ட்ரலில் இருந்தும் கும்மிடிப்பூண்டி வழியாக சூலூர்ப்பேட்டை வரை போகும் புறநகர் ரயிலில் திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ ஏறிக்கொள்ளலாம். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், அதற்கடுத்து தடா. ஆனால் தடா ஸ்டேஷனில் இறங்கினால் அருவி கண்ணுக்குத் தெரியாது. வரதய்யபாளையம் வழியாக வெகுதூரம் உள்ளே போக வேண்டும், அதற்கு ஆட்டோ பேச வேண்டும். போகும்போதே அதே ஆட்டோக்காரரிடம் சாயங்காலம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லி, அவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டு வாசலில் சாயங்காலம் வண்டி கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

நாகலாபுரத்துக்கு ஜனப்பன்சத்திரம் கூட்டுச் சாலையில் திரும்பி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி என்று நேராகப் போகலாம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆடி மாதம் பவானியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிற வழிதான், அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழகிய சாலை. சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் கோவிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மலை ஏறப் போகிறோம் என்றால் அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நமக்காகக் காத்திருக்காது.

குடியத்துக்கு ஊத்துக்கோட்டை பக்கமாகவும் வரலாம், திருவள்ளூர் பக்கமாகவும் வரலாம். பூண்டி ஏரியை ஒட்டிப் போய், அப்புறம் கிராமச் சாலைகள். பஸ்ஸை நம்பிப் போனால் நாள் போய்விடும். மூன்று இடங்களில் தூரத்தில் இதுதான் குறைவு, ஆனால் சொந்த வண்டி இல்லாமல் போவதற்குச் சிரமமானதும் இதுதான்.

ஏறுவது, நடப்பது என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதம். தடாவில் முதல் பாதி கிட்டத்தட்ட பூங்காவில் நடப்பது மாதிரி. ஓடையை ஒட்டிப் பாதை, இடையிடையே குளிக்க மடு, குடும்பத்தோடு உட்கார நிழல். மேலே அருவிக்குப் போகப் போகத்தான் பாறை பாறையாகத் தாண்ட வேண்டி வரும். வயதானவர்கள் பாதியில் உட்கார்ந்துகொள்ளலாம், இளசுகள் மேலே போய்விட்டு வரலாம். இந்த வசதி மற்ற இரண்டு இடத்திலும் கிடையாது. ஆனால் வசதி இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டமும் வரும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நான் நிம்மதியாக இருந்ததில்லை. பாட்டிலோடு வரும் கும்பல் குடித்துவிட்டு அந்த பாட்டிலைப் பாறையில் உடைத்துவிட்டுப் போகிறது. உடைந்த கண்ணாடி நேராகத் தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது. என் தோழியின் பாதத்தில் இரண்டு தையல் போட வேண்டி வந்தது அப்படித்தான். பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் வார நாளில் போங்கள், மடுவில் செருப்போ ஷூவோ இல்லாமல் இறங்காதீர்கள். சிவராத்திரியை ஒட்டிப் போகவே வேண்டாம். காட்டுக்குள் இருக்கும் சிவன் கோவிலுக்கு அத்தனை ஜனம் வரும்.

நாகலாபுரம்தான் மூன்றிலும் அழகு. இதை நான் மனசார ஒத்துக்கொள்கிறேன். அடிவாரத்தில் ஒரு சின்ன அணை, அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு, அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மடுக்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், அடிக்கல் தெரியும். மழைக்காலம் முடிந்து மாசி வரைக்கும் கூடத் தண்ணீர் இருக்கும். ஆனால் இங்கே பாதை என்று தனியாக ஒன்று இல்லை, ஓடைதான் பாதை. பாறையில் இருந்து பாறைக்குக் கால் வைத்து, சில இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் மேலே போக முடியும்.

அந்த அடிக்கல் தெரிகிற தண்ணீர்தான் ஆபத்தும். தெளிந்த தண்ணீரில் ஆழம் குறைவாகத் தெரியும். நான்கடி என்று நினைத்து இறங்கினால் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கடற்கரைப் பிள்ளைகள், நீச்சல் தெரியும் என்று நாமும் தைரியமாக விட்டுவிடுகிறோம். கடல் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், மடுத் தண்ணீர் அப்படித் தூக்காது. அதோடு மலைநிழலில் கிடக்கிற தண்ணீர், குளிர்ச்சியில் கால் பிடித்துக்கொள்ளும். இந்த மடுக்களில் மூழ்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. மடு ஓரத்தில் சாய்வாக ஒரு பாறை, ஈரம் கூட இல்லை, உலர்ந்த கறுப்பாகத்தான் தெரிந்தது. அதன் மேல் பாசி மெல்லிசாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய ஈர ஷூ பட்டதும் அது வழவழத்துவிட்டது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே போய் நேராகத் தண்ணீருக்குள் விழுந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் இரண்டு நொடியில் தலை மேலே வந்தது. அந்த இரண்டு நொடி இன்றைக்கும் என் வயிற்றில் இருக்கிறது. கரை ஏறி வந்தவன் முழங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தான், நான் அழுதேன். அன்று எங்களைக் கூட்டிப்போன குழுவில் பதினெட்டுப் பேர். ஜாக்கெட் இருந்தது ஐந்து பேருக்கு. அனுமதி வாங்கிவிட்டோம் என்று சொன்னார்கள், கடிதத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஜாக்கெட் இல்லாத குழுவோடு நான் தண்ணீர் இருக்கும் மலைக்குப் போவதில்லை.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாகலாபுரமும் தடாவும் 2022 முதல் ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த வட்டாரம் செம்மரம் வளரும் காடு. கடத்தல் காரணமாக வனத்துறையின் கெடுபிடி அதிகம், சரியான காரணம் இல்லாமல் காட்டில் திரியும் வெளியூர் ஆட்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ராத்திரி உள்ளே தங்குகிற எண்ணமே வேண்டாம். தடாவில் வாசலிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவார்கள். நாகலாபுரத்தில் ஒரு சீசனில் விடுவார்கள், ஒரு சீசனில் விடமாட்டார்கள், கிளம்புவதற்கு முன்பு விசாரித்தே ஆக வேண்டும்.

குடியம் நம் மாநிலத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. அதன் பின் 2024 அக்டோபரில் அரசே 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' என்று 40 வழிகளை ஆன்லைனில் முன்பதிவு செய்யும்படி கொண்டுவந்தது. குடியம் குகை, நெல்லி ஓடை நடையும் அதில் ஒன்று. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த வட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். தீ பிடிக்கும் கோடைக் காலத்தில் வழிகளை மூடிவிடுவார்கள். ஒரு பெண் பிள்ளை தன் தோழிகளோடு மட்டும் போகிறாள் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைவிட நிம்மதி வேறில்லை.

குடியத்தில் குளிக்க ஒன்றும் இல்லை. முதல் தடவை போன அன்று என் கொழுந்தனார் பாதி வழியிலேயே முகம் சுளித்தார். இரண்டு பக்கமும் முட்புதர், காரைச் செடி, காலடியில் சரளைக் கல், பார்க்கப் பெரிய உயரமும் இல்லை. பாதை அதிகம் ஏறாது, உடம்பில் பாதிச் சக்தி வெயிலுக்கே போய்விடும். அப்புறம் புதர் விலகி அந்தப் பாறை எதிரே நிற்கும்போதுதான் அவர் வாயடைத்துப்போனார். குகை என்று சொன்னாலும் அது மலை இடுக்கில் உள்ளே போகும் பொந்து இல்லை. பெரிய கூரை மாதிரி முன்னால் நீண்டு கவிந்து நிற்கும் பாறை.

கிட்டே போய்ப் பாருங்கள். அந்தச் சுவர் முழுக்கக் கூழாங்கற்கள். கோழிமுட்டை அளவில், எலுமிச்சை அளவில், சில இடத்தில் தேங்காய் அளவில், வழவழவென்று உருண்டையாக, செம்மண் நிறப் பாறையில் பதித்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் ஆறு உருட்டிக்கொண்டு வந்த கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகிவிட்டன. சில இடத்தில் கல் உதிர்ந்து குழி மட்டும் இருக்கும், பணியாரச் சட்டியைச் சாய்த்து நிறுத்தியது மாதிரி. என் மகன் ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே அவ்வளவு வழவழப்பு.

இந்தக் கல்தான் இங்கே ஆதி மனிதர்களை இழுத்து வந்தது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவற்றுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்டார்கள். குடியம் குகையிலும் 1960களில் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்துக் கற்கருவிகளை எடுத்திருக்கிறது. கெட்டியான கூழாங்கல் மலையிலேயே கிடைக்கும்போது கருவி செய்ய வேறு எங்கே போவார்கள்? பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. நான் அதை நடைக்குப் பிறகு பார்க்கச் சொல்வேன். மலையில் கல்லைத் தொட்டுவிட்டு வந்தவனுக்குத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோடரி வெறும் கல் இல்லை என்று புரியும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாறைக் கூரையில் மலைத்தேனீ கூடு கட்டித் தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது, புகை கூடாது, எதிரொலி கேட்க வேண்டும் என்று கத்தக் கூடாது. வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் கும்பிடும் இடமும் அங்கே இருக்கிறது. சாமி கும்பிடுகிறவர்கள் இருந்தால் போட்டோ எடுக்கிறேன் என்று குறுக்கே போகாதீர்கள்.

திருத்தணியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். 365 படி ஏறுவது நல்ல பழக்கம், முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானே மாமியாரை அங்கேதான் முதலில் கூட்டிப்போனேன். ஆனால் அது கோவிலுக்குப் போவது, காட்டில் நடப்பது வேறு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது குடியம். அவள் தோழிகள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது, மலை ஏறியதும் இல்லை. அவளுடைய அண்ணனுக்கு நீச்சல் தெரியும், நண்பர்களும் பழக்கப்பட்டவர்கள், அவர்கள் தை மாதம் அனுமதியை விசாரித்துக்கொண்டு நாகலாபுரம் போகட்டும். அவளுடைய பாட்டியும் வருவேன் என்றால் தடா, அதுவும் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில்.

குடியம் போகிறவர்கள் வேன் பேசிக்கொண்டு விடியற்காலை ஐந்துக்கெல்லாம் கிளம்பினால் ஏழரைக்குள் நடக்க ஆரம்பிக்கலாம், வெயில் ஏறுவதற்குள் பாறை நிழலுக்குப் போய்விடலாம். முழுக்கால் பேன்ட் போடுங்கள், முள் கிழிக்கும். கட்டுச்சோறாக எலுமிச்சை சாதமோ புளிசாதமோ போதும், தயிர் சாதம் அந்த வெயிலில் புளித்துவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் வாங்க வழி இல்லை. காலி பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.