பஞ்சிகாவத்தை ஹெடரோடு 41,000 கிலோமீற்றர்

வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்துக்குக் கிட்டத்தான் என் வீடு. அங்கே நிற்கும் எதுவும் துருப்பிடிக்கும். சைக்கிள், கேற், தண்ணீர்த் தாங்கியின் கால், எல்லாம். என் கார் 2013 டொயோட்டா 86, மெனுவல் கியர். கொழும்பிலேயே வடிவமைத்துச் செய்த சில பாகங்களை 2021 ஆரம்பத்தில் அதில் பூட்டினேன். ஒரு ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி), அதற்கேற்ற ஈசியூ டியூன் (எஞ்சினை ஆளும் கணினிக்கு மாற்றி எழுதிய கணக்கு), எஞ்சினுக்குக் காற்று போகும் ஒரு எயார் இன்டேக், முன் பிரேக்குக்கு ஒரு காற்றுக் குழாய். 41,000 கிலோமீற்றர் ஆகிவிட்டது. பொருத்திய மறுநாளே எழுதியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். நல்ல வேளை, எழுதவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோதே ஒன்று விளங்கிவிட்டது, கையில் இருக்கிற வண்டிதான் இனி வண்டி. அந்த நேரம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நண்பன் ஒருவன் பஞ்சிகாவத்தையில் சின்னதாக ஒரு கராஜ் எடுத்து, ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பாகம் செய்து விற்கப் போகிறேன் என்று நின்றான். அளவெடுக்கவும் கழற்றிப் பூட்டவும் அவனுக்கு ஒரு கார் வேண்டும். "உன்ர காரைத் தா மச்சான், செலவில பாதி என்ர" என்றான். கொடுத்தேன். ஆக, நான் முழுக் காசு கொடுத்த வாடிக்கையாளன் இல்லை, சோதனை எலி. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

86ஐத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சுபாருவோடு சேர்ந்து டொயோட்டா உருவாக்கிய கார், பின்சக்கரம்தான் தள்ளும். இரண்டு லீற்றர் பொக்ஸர் எஞ்சின், சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும். 200 குதிரைவலு, அதுவும் 7,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 தடவை சுற்றும்போது. கேட்க நல்லாயிருக்கும். ஓட்டினால் 3,500க்கும் 4,500க்கும் இடையில் எஞ்சின் ஏதோ யோசனையில் விழுந்துவிடும். முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் இழுவை, அந்த இடத்தில் பள்ளமாக இறங்குகிறது. 86 வைத்திருக்கும் எவரும் சொல்லும் குறை இது. காலி வீதியில் ஒரு பஸ்ஸை முந்தப் போகும்போது ஆர்பிஎம் ஊசி சரியாக அந்தப் பள்ளத்தில்தான் நிற்கும்.

டைனோ (எஞ்சின் வலுவை அளக்கும் இயந்திரம்) காட்டும் இலக்கங்களை வைத்து மாரடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. மூன்றாம் கியரில் 60இலிருந்து 100க்குப் போக எத்தனை செக்கன் என்பதுதான் எங்கள் அளவுகோல். அந்தக் கியரில் 60 என்றால் ஏறக்குறைய 3,200 ஆர்பிஎம், 100 என்றால் 5,400. பள்ளம் முழுவதும் அதற்குள் அடங்கும். விடியற்காலை கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுவோம். அங்கே வேக எல்லையும் 100தான், ஆகவே பொலிசோடும் பிரச்சினை இல்லை. கம்பனி நிலையில் சராசரி 5.6 செக்கன். ஹெடரும் டியூனும் போட்ட பிறகு 5.0. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அது வேறு கார்.

சரி, இனி ஹெடரின் கதை. இந்தக் காரில் அது எஞ்சினுக்குக் கீழே தொங்கும். தரைக்கும் காருக்கும் இடையில் கம்பனி சொல்லும் இடைவெளியே 130 மில்லிமீற்றர்தான். எங்கள் முதல் ஹெடர், நான்கு குழாயும் ஒன்று சேரும் கலெக்டர் இடத்தில், இன்னும் 14 மில்லிமீற்றர் கீழே இறங்கியது. கணினி வரைபடத்தில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வேகத்தடைக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது ஒரு 'கர்ர்ர்'. முன்வீட்டு அன்ரி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வந்துவிட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்வாராம்.

பதினாலு மாதம் கழித்து வேறொரு சத்தம் வந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக், டிக், டிக். சவோய் சந்தி தாண்டுவதற்குள் நின்றுவிடும். சூடேறியதும் போய்விடுகிறதே என்று ஒரு மாதம் சும்மா விட்டேன். விட்டிருக்கக் கூடாது. கராஜில் ரம்பில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் கலெக்டர் வெல்டிங் ஓரமாக முடி அளவு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரி. குளிரில் வெடிப்பு திறந்திருக்கும், சூட்டில் உலோகம் விரிந்து அதுவே மூடிக்கொள்ளும். அதுதான் காலையில் மட்டும் சத்தம்.

கராஜில் வெல்டிங் செய்பவர் மருதானை நானா. நாற்பது வருடமாக லொறிச் சைலன்சர் ஒட்டியவர். விரலால் அந்தக் கரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சூடாகினா குழாய் நீளும். அதுக்கு நீங்க எடம் குடுக்கல்ல. அப்ப அது தானா எடம் எடுக்கும்."

நண்பன் கல்குலேட்டரை எடுத்தான். நாங்கள் பாவித்தது 304 ரக ஸ்டெயின்லெஸ். சாதாரண இரும்பைவிட அது கூடுதலாக விரியும். 60 சென்ரிமீற்றர் குழாய் 500 பாகை சூடேறினால் ஐந்து மில்லிமீற்றர் நீளும். நான்கு குழாயும் நான்கு நீளம், நான்கு வளைவு, எல்லாம் ஒரே கலெக்டரில் இறுக்கி ஒட்டியிருக்கிறது. அவனுடைய வரைபடத்தில் எல்லாக் குழாயும் எப்போதும் 30 பாகையிலேயே நின்றிருந்தன.

வெட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. வெல்டிங்கின் உட்பக்கம் கரிந்த சீனி மாதிரி, கறுப்பாகக் கட்டி கட்டியாக. ஸ்டெயின்லெஸ் ஒட்டும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கன் வாயுவை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் பட்டு இப்படிப் பொரிந்துபோகும். வாயுவை மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். நானாவிடம் கேட்டால், "சொன்னேன் தானே" என்பதோடு சரி.

இது நடந்தது 2022 மார்ச், ஏப்ரல் வாக்கில். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் ஒன்றிரண்டு மாதத்தில் 360ஐத் தொட்ட காலம். ஜப்பான் ஹெடர் ஒன்றை இறக்கலாம் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன். வெட்டி, திருத்தி, மறுபடி ஒட்ட என் பங்குக்கு 28,000 ரூபாய் ஆனது.

இரண்டாம் பதிப்பில் கலெக்டரை ஒட்டவில்லை. ஒரு குழாய்க்குள் இன்னொன்று சறுக்கிப் போகும் இணைப்பு, பிடித்து வைத்திருக்க ஸ்பிரிங். நீளட்டும், சுருங்கட்டும். கலெக்டரின் அடியையும் முட்டை வடிவில் தட்டையாக்கினார்கள், வேகத்தடையில் உரசுவது நின்றது. ஆனால் புதிதாக ஒரு வினை. புகையில் மிஞ்சும் ஒக்சிசனை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் ஒக்சிசன் சென்சர் அந்தச் சறுக்கு இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஐட்லில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, இணைப்பின் இடைவெளி வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட, சென்சர் பெற்றோல் குறைவு என்று நினைத்து எட்டு வீதம் கூட்டி ஊற்றச் சொன்னது. ஈசியூவின் பதிவை (லொக்) எடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், பெற்றோல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று எரிபொருள் நிலையத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். மூன்றாம் பதிப்பில் இணைப்பை இன்னும் இறுக்கமாகக் கடைந்து, ஒன்றுக்குள் ஒன்று போகும் நீளத்தை 40 மில்லிமீற்றர் ஆக்கினார்கள். இப்போது இரண்டு வீதத்துக்குள் நிற்கிறது.

எனக்கு மனம் ஒப்பாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. கம்பனி ஹெடரின் உள்ளேயே, புகையின் நச்சைக் குறைக்கும் முதல் கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் இருக்கிறது, எங்களுடையதில் அது இல்லை. பின்னால் உள்ள இரண்டாவதுதான் முழு வேலையும் செய்கிறது. எஞ்சினிலிருந்து தள்ளி இருப்பதால் அது சூடேற நேரம் எடுக்கும். முதல் வருடம் புகைப் பரிசோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போய்த் தோற்றுத் திரும்பினேன். அடுத்த வருடங்களில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போய்ப் பாஸ் பண்ணினேன். பாஸ் பண்ணியது என்பதற்காகக் காலையில் ஒழுங்கைக்குள் வரும் மணம் இல்லை என்று ஆகாது.

எயார் இன்டேக்கை மூன்று மாதத்தில் கழற்றினேன். திறந்த கூம்பு ஃபில்டர், பார்க்க அழகு, சத்தமும் கேட்க நல்லாயிருக்கும். அதிவேகப் பாதையில் விடியற்காலை 4.9 செக்கன் காட்டியது. நண்பன் துள்ளினான். அதே நாள் மத்தியானம் பம்பலப்பிட்டியில் ட்ரபிக்கில் நின்றபோது, வெளியே 32 பாகை, ஃபில்டர் உறிஞ்சிய காற்று 64 பாகை. காற்று மூன்று பாகை சூடேறினால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு வீதம் குறையும். கணக்கைப் பாருங்கள், பத்தில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. போதாக்குறைக்கு ஈசியூ நொக்கிங்குக்கு (பெற்றோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) பயந்து இக்னிஷனையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும். கம்பனி ஃபில்டர் பெட்டி முன்னால் இருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அதே இடத்தில் 41 பாகைக்கு மேல் போகவில்லை. கொழும்புக்குக் கூம்பு ஃபில்டர் வேண்டாம். யார் செய்தாலும் வேண்டாம்.

பெற்றோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் இந்தக் கார் பிரீமியம் பெற்றோலை நம்பிப் பிறந்தது, சுருக்க விகிதமே 12.5, கலவையை அவ்வளவு நெருக்கினால் ஒக்டேன் குறைந்த பெற்றோலில் நொக்கிங் வரும். அப்போது இங்கே நமக்குக் கிடைத்தது 95 ஒக்டேன். டியூனை அதற்கே எழுதினோம், இக்னிஷன் நேரத்தில் இரண்டு பாகைக் கோணத்தை விட்டுக்கொடுத்து. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில், வரிசையில் நின்று அகப்பட்ட 92ஐ ஊற்றினேன். ஏற்றத்தில் எஞ்சின் கிணுகிணுத்தது. அந்த மாதங்களில் 4,000 ஆர்பிஎம் தாண்டவே இல்லை. அவ்வளவு செலவழித்த ஹெடர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்பார்க்காமல் பிடித்துப்போனது பிரேக் குழாய். முன் பம்பரிலிருந்து டிஸ்க் வரை ஒரு சாதாரணக் குழாய், ஒரு அலுமினியத் தகடு, நாலு ஆணி. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் முன்பெல்லாம் பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி ஆகும். இப்போது ஆவதில்லை. ஆனால் பாராட்டு முழுவதும் குழாய்க்கு இல்லை, பிரேக் ஒயிலையும் வருடா வருடம் மாற்றுகிறேன். ஒயில் கொதித்தாலும் பெடல் அப்படித்தான் ஆகும். டொட் 4 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அது 155க்கு இறங்கலாம். கொழும்பு ஈரத்துக்கு இரண்டு வருடம் விட்டுவைப்பது அதிகம்.

ஹெடரின் மூன்றாம் பதிப்பை நண்பன் இப்போது விற்கிறான். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் பிரேக் ஒயிலை மாற்றுங்கள், ரயரைப் பாருங்கள், காசு மிஞ்சினால் வாருங்கள் என்கிறேன். அவனுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

போன கிழமை சேர்விசுக்கு ரம்பில் ஏற்றினோம். ஸ்பிரிங் இரண்டு துருப்பிடித்திருந்தன, கடற்காற்றின் உபயம், மாற்றினோம். நானா டோர்ச் அடித்து வெல்டிங் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டோர்ச்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.