அப்பாவுக்கு அரிப்பு, சித்திக்கு படபடப்பு, ரெண்டுக்கும் ஒரே மாத்திரை

கும்பகோணத்துல மருந்து வாங்கறது எவ்ளோ சுலபம்னா, அப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிக்குதுன்னு மெடிக்கல்ல சொன்னா போதும், அட்டைலேர்ந்து கத்திரிக்கோலால அஞ்சு மாத்திரைய வெட்டி கவர்ல போட்டு ராத்திரிக்கு ஒண்ணுன்னு எழுதி குடுத்துடறாங்க. வெட்டின துண்டுல பேர் பாதிதான் இருந்துச்சு, எக்ஸ்பயரி தேதியே இல்ல. எழுத்த சேத்து படிச்சா அட்டாராக்ஸ் 25, அதாவது ஹைட்ராக்ஸிசின். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத ஷெட்யூல் எச் மருந்து. அப்பாவுக்கு 76 வயசு, ப்ராஸ்டேட் வீக்கம் வேற. கடைல வயசு கூட கேக்கல, எனக்கு அதுதான் தாங்கல.

மறுநாள் காலைல அப்பாவால எந்திரிக்கவே முடியல, பாத்ரூம் போக செவுத்த பிடிச்சுக்கிட்டு நடந்தாரு, வாயெல்லாம் வறண்டு போச்சு, மூத்திரம் சொட்டு சொட்டாதான் வந்துச்சு. 1950கள்லேர்ந்து இருக்கற மருந்து இது, அரிப்புக்கு நல்லா கேக்கும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா நடுத்தர வயசுக்காரங்க உடம்புலயே பாதி மருந்து வெளியேற சுமார் 20 மணி நேரம் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி, அதனால ராத்திரி போட்டது மறுநாள் பூரா தலைய சுத்தும். கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறியறது இப்படித்தான்.

சாயங்காலம் தோல் டாக்டர் கிட்ட போனோம். டோக்கன் போட்டு ரொம்ப நேரம் உக்கார வேண்டியிருந்துச்சு, ஆனா உள்ள போனப்பறம் அந்தம்மா அவசரமே படல. "ஐயா, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க? எப்பவாவது மயக்கம் வந்துருக்கா? வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தீங்களா?"ன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. அப்பாவுக்கு இத நிறுத்திட்டு, அவ்வளவா தூக்கம் வராத ஃபெக்ஸோஃபெனடின் எழுதினாங்க, தோல் வறட்சிக்கு குளிச்ச ஈரத்தோட தடவ ஒரு க்ரீம்.

கூட வந்த சித்தி அப்பதான், நானும் அந்த அட்டாராக்ஸத்தான் படபடப்புக்கு போடறேன்னாங்க. வேற ஒரு டாக்டர் குடுத்தது. பதட்டத்துக்கு குடுக்கற அல்ப்ரஸோலம் மாத்திரை மாதிரி பழக்கமாகிடாதுன்னு கொஞ்ச நாளைக்கு இத குடுக்கறது உண்டுதான், ஆனா சித்தி மனச்சோர்வு, பதட்டத்துக்கு குடுக்கற எஸ்சிட்டலோப்ராமும் சாப்பிடறாங்க, போதாததுக்கு தொண்டை வலிக்கு கடைல வாங்கின அஸித்ரோமைசின் வேற. மூணுமே ஈசிஜில க்யூடின்னு சொல்ற இடைவெளிய நீட்டக்கூடியது, அது ரொம்ப நீண்டா இதயம் தாறுமாறா துடிச்சு உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர் அப்பவே பக்கத்து லேப்ல ஈசிஜி எடுக்க அனுப்பினாங்க. கொஞ்சம் நீண்டுதான் இருந்துச்சு. சித்தியோட டாக்டருக்கு எங்க முன்னாடியே போன் போட்டு பேசி ஹைட்ராக்ஸிசின நிறுத்திட்டாங்க, அஸித்ரோமைசினுக்கு பதிலா வேற ஆன்டிபயாடிக், ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஈசிஜி.

இந்த ஆபத்துக்காகத்தான் ஐரோப்பால 2015லயே, ஹைட்ராக்ஸிசின பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல கூடாது, வயசானவங்களுக்கு குடுக்காம இருக்கறதே நல்லது, வேற வழியே இல்லன்னா 50தான்னு வரையறுத்தாங்க. நான் இருக்கற லண்டன்ல சீட்டு இல்லாம இது கைக்கே வராது.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மெடிக்கலுக்கு போய், வயசும் வேற மாத்திரையும் கேட்டுட்டு குடுங்கண்ணேன்னு சொன்னேன், சரிம்மான்னாரு. ஊருக்கு போறவங்க அப்பா அம்மாவோட மாத்திரை டப்பாவ ஒரு தடவ கொட்டி பாருங்க, குடும்ப டாக்டர் கிட்ட மொத்தத்தையும் காட்டுங்க, பேரும் தேதியும் தெரியற மாதிரி முழு அட்டையா கேட்டு வாங்குங்க.