சோட்டோ: லாமொங்கான் தெளிந்த சாறா, ஜகார்த்தா தேங்காய்ப்பால் சாறா?

சோட்டோ என்பது இந்தோனேசியாவின் மசாலா சூப். கிழக்கு ஜாவாவின் லாமொங்கான் சோட்டோவுக்கு ஒரு கிலோ நாட்டுக்கோழி, 2 லிட்டர் தண்ணீர். குளிர்ந்த நீரில் கோழியைப் போட்டு, நுரையை எடுத்தபடி சிறு தீயில் வேக விடுங்கள். தளதளவெனக் கொதித்தால் சாறு கலங்கிவிடும்.

சின்ன வெங்காயம் 8, பூண்டு 5 பல், மஞ்சள், இஞ்சி, கெமிரி (candlenut எனும் எண்ணெய்ப்பசையுள்ள கொட்டை) 4 அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. கெமிரியைப் பச்சையாகத் தின்னவும் கூடாது. விழுதோடு தட்டிய எலுமிச்சைப்புல்லும் சாற்றில் சேரட்டும். இதன் உயிர் கோயா பொடிதான்: பொரித்த இறால் அப்பளமும் பொன்னிறப் பூண்டும் சேர்த்து இடித்தது. பூண்டு கருகினால் பொடி கசக்கும். பரிமாறும்போதே தூவுங்கள், சாறு லேசாகக் கெட்டிப்பட்டு மணக்கும்.

ஜகார்த்தாவின் சோட்டோ பெத்தாவிக்கு மாட்டிறைச்சி. அரைக்கிலோ கறி மெத்தென வேகவே இரண்டு மணி நேரம் ஆகும். 400 மில்லி தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கொதி ஏறினால் திரிந்துவிடும். எலுமிச்சையைக் கிண்ணத்தில்தான் பிழிய வேண்டும்.

சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில், வார நாளில், லாமொங்கான்தான் என் தேர்வு. மிஞ்சினாலும் மறுநாள் தைரியமாகச் சூடாக்கலாம்.