உப்புநீர் நீச்சல்குளத்துக்கு ஸ்கேல் இன்ஹிபிட்டர்: வாங்கலாமா?

ஸ்கேல் இன்ஹிபிட்டர் என்பது வெள்ளைக் கால்சியப் படிவைத் தடுக்கும் திரவம். எந்த கேனை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் எச்இடிபி எனும் பாஸ்போனேட்தான். கால்சியத்தை இது நீக்காது, படியவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே. குளோரின் இதைச் சிதைப்பதால் லேபிளில் உள்ள அளவை வாராவாரம் ஊற்ற வேண்டும். ஷாக் போடும் (குளோரினை ஒரேயடியாக அதிகம் விடும்) அன்று ஊற்றினால் காசு தண்டம்.

மாதவரம், மீஞ்சூர் பக்கம் கடினமான போர் தண்ணீரில் நிரப்பும் குளங்களுக்கு இது உதவும். ஆனால் நீர் ஆவியாகும், கால்சியம் தங்கிவிடும். அதே போர் தண்ணீரையே மேலும் மேலும் விட்டால் கடினத்தன்மை 500 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டும். அப்போது பாதித் தண்ணீரை இறைத்து மெட்ரோ தண்ணீர் விடுவதே வழி, கேன் கைகொடுக்காது.

பிஎச் தான் உண்மையான வில்லன். உப்புநீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் செல்லில் எதிர்மின் தகட்டை ஒட்டிய நீரில் பிஎச் எகிறும், படிவு அங்கேதான் முதலில் பிடிக்கும். குளத்தில் பிஎச் 7.4 முதல் 7.6, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 60 முதல் 80 பிபிஎம், கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் இருக்கட்டும். கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் வேண்டவே வேண்டாம், அதுவே கால்சியம் ஏற்றும்.

நீர் குளத்துக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய்க்குக் கீழே தேங்காய்த் துருவல் போல வெள்ளைச் செதில் கிடக்கிறதா? செல் தகட்டிலிருந்து உதிர்ந்தது. கரண்டை நிறுத்தி, செல்லைக் கழற்றி, 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றி (ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது) ஊறவிடுங்கள். நுரை அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். அடிக்கடி கழுவினால் தகட்டின் பூச்சு போய்விடும், புது செல்லின் விலை கேனைப் போல் பல மடங்கு.