தர்ஸ்டனின் கையில் இருந்த பந்து: ஸ்டீடன் ஆட்டப் பந்து குறித்த மதிப்புரை

ரக்பியின் ஒரு வகையான ரக்பி லீக்கில், ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் என்ற வீரரின் திறமையை உணர விரும்புபவர்கள், ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) தொடரில் ஆடப்படும் ஸ்டீடன் பந்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து ஏறத்தாழ 400 கிராம் எடை கொண்டது. ரக்பியின் மற்றொரு வகையான ரக்பி யூனியனின் பந்தைவிட இதன் முனைகள் சற்றுக் கூராக இருக்கின்றன; மேற்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் புடைத்திருக்கும் புள்ளிகள், ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் பிடித்தாலும் பந்தை நழுவ விடுவதில்லை. சுழற்றி எறியும்போது பந்து ஆடாமல் அசையாமல் நேராகச் சென்று சேர்வதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

உதைப்பதுதான் கடினம். ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஒரு புள்ளி பெறும் ஃபீல்ட் கோலை அடிக்க, பந்தைக் கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும் கணத்திலேயே உதைக்க வேண்டும். கூர்முனை சற்றே சாய்ந்து விழுந்தாலும் பந்து எங்கோ துள்ளிவிடும். இதைச் சில மாலைகள் பழகிய பிறகுதான் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணியின் ஹாஃப்பேக் ஜொனாதன் தர்ஸ்டன் செய்தது எத்தகைய செயல் என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது. 2015 அக்டோபர் 4 அன்று சிட்னியில் பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு எதிராக நடந்த என்.ஆர்.எல். இறுதிப் போட்டியில், நேரம் முடியும் தறுவாயில் மைக்கேல் மோர்கன் தட்டிவிட்ட பந்தைப் பெற்று கைல் ஃபெல்ட் மூலையில் ட்ரை அடிக்க (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்ற), கவ்பாய்ஸ் 16-16 எனச் சமன் செய்தது. ஓரக்கோட்டருகிலிருந்து தர்ஸ்டன் உதைத்த கன்வெர்ஷன், அதாவது ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிகளுக்கான உதை, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முதலில் புள்ளி எடுக்கும் அணியே வெல்லும் கூடுதல் நேரத்தின் முதல் உதையைப் பிராங்கோஸின் பென் ஹண்ட் கைநழுவ விட, அதையடுத்து தர்ஸ்டனின் ஃபீல்ட் கோல் 17-16 என ஆட்டத்தை முடித்தது; கவ்பாய்ஸின் முதல் கோப்பை அது. சற்று முன்தான் கம்பத்தில் தவறவிட்ட ஒருவர் அதே பந்தை அவ்வளவு நிதானமாகத் தரையில் விட்டு உதைத்ததை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

என்.ஆர்.எல்.லில் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வென்று 2018இல் ஓய்வு பெற்ற அவர், பின்னர் தலைமைப் பயிற்சியாளர் பில்லி ஸ்லேட்டரின் கீழ் குவீன்ஸ்லாந்து மாநில அணியின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவரானார்.

வாங்குபவர்கள் ஆட்டப் பந்தையும் பயிற்சிப் பந்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தினமும் கரடுமுரடான தரையில் உதைக்கப் பயிற்சிப் பந்தே போதும். சிறுவர்களுக்குச் சிறிய அளவுகள் உண்டு. ஆனால் பாஸும் ஃபீல்ட் கோலும் பழக நினைப்பவர்கள், விலை கூடுதலானாலும் ஆட்டப் பந்தையே வாங்கி, சேறு பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்திப் பயன்படுத்துவது நல்லது.