மஞ்சள் இலை: இரும்புக் குறையா, பொட்டாசியக் குறையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "செடி மஞ்சளாகுது, என்ன ஊத்தலாம்?" பலர் அதற்குள் இரும்புச்சத்து பாட்டில் ஒன்றை வாங்கியும் இருப்பார்கள். மஞ்சளானது பழைய இலையா, புதுக் கொழுந்தா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இதை நான் கற்றது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை மரத்தடியில். தோட்டத்தில் உரம் போட்ட அப்பா, மரத்தடிக்குப் போனதும் கீழ்மட்டையைத்தான் இழுத்துப் பார்ப்பார். ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்திருந்தால் பெரும்பாலும் பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உரம் பற்றவில்லை. வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி, நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தால் கீசரைட், அதாவது மெக்னீசியம் வேண்டும். இந்தச் சத்துகள் குறையும்போது மரம் கிழட்டு மட்டையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. தொட்டிச் செடியும் அப்படித்தான்.

இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. அதனால் குறை கொழுந்தில்தான் தெரியும்: புது இலை வெளிறி, சில சமயம் வெள்ளையாகவே வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். கீழிலைக்கு ஒன்றும் ஆகாது. பொட்டாசியக் குறை நேர்மாறு. கொழுந்து பரவாயில்லை, பழைய இலையில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள் விழும். என் தொட்டியில் ஹைக்ரோபிலா என்ற செடியில் இதைப் பார்த்து, நத்தைதான் தின்கிறது என்று ஒரு வாரம் நத்தை பொறுக்கினேன். ஓர் இலையைக் கிள்ளி விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய மஞ்சள் வளையம். ஓட்டை விழாத இடத்திலும் பழுப்புப் புள்ளிகள் காத்திருந்தன. நத்தை கடித்த இடத்தில் அப்படி வளையம் இருக்காது. பொட்டாசியம் சல்பேட் போட ஆரம்பித்த பிறகு வந்த இலைகள் முழுசாக வந்தன.

மெக்னீசியக் குறைதான் ஆளை ஏமாற்றும். இரும்புக் குறை போலவே நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். ஆனால் பழைய இலையில். அதற்கு எப்சம் உப்பு போதும். பழைய இலை நரம்போடு சேர்த்து மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன். மீன் நிறைய உள்ள தொட்டியில் அது அபூர்வம்.

சரி, கொழுந்துதான் வெளிறுகிறது, இரும்பும் ஊற்றியாயிற்று, ஆனாலும் பச்சை வரவில்லை என்றால்? தொட்டியில் கிடக்கும் கல்லைப் பாருங்கள். நம் பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் அதிகம். அழகாக இருக்கிறதென்று எடுத்துவந்து போட்டுவிடுகிறோம். அது தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவை ஏற்றிவிடும். இரும்பு உரத்தில், இரும்பைத் தண்ணீரில் கரைந்தபடியே பிடித்து வைக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். பிஎச் 7-க்கு மேல் போனால் சாதாரண இடிடிஏ (EDTA) சேர்த்த இரும்பு சரியாக நிற்காது. டிடிபிஏ (DTPA) சேர்த்த வகை தேவலாம். கல்லைக் காயவைத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், புதிதாக நட்ட கிரிப்டோகோரின் என்ற நீர்ச்செடியின் இலை கண்ணாடி போலக் கரைந்தால் உரத்தைத் தேடாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சி அது. வேர் உறுதியாக இருந்தால் பிடுங்காமல் விடுங்கள், மீண்டும் துளிர்க்கும். ஜாவா ஃபெர்ன் என்ற பெரணிச் செடியின் இலையடியில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகளும் நோயல்ல, அது இனம் பெருக்கும் வித்துகளின் (ஸ்போர்) கொத்துகள்.

எந்த உரம் போட்டாலும் ஓட்டை விழுந்த இலை மூடாது. அதையே பார்த்துக்கொண்டு அளவைக் கூட்ட வேண்டாம். இரண்டு வாரம் பொறுத்து, அடுத்து விரியும் இலையைப் பாருங்கள்.