640 டொலருக்கு என் காரில் மாறியது கலன் மட்டும்தான்

காரில் பெற்றோல் மிச்சம் பிடித்துத் தரும் கருவி பொருத்துகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய கார் உதிரிப்பாகக் கடையில் 640 டொலரைப் பறிகொடுத்துவிட்டு, கோபம் ஆறாமல் எழுதுகிறேன்.

என் கார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய கார். ஓடிய தூரம் மைலில் தெரியும். ஒரு கலன் (gallon என்ற அளவு) பெற்றோலுக்கு எத்தனை மைல் என்று திரையில் காட்டும். கடைக்குப் போனபோது 25 காட்டியது. "இருபது வீதம் கூட்டித் தருகிறேன் அக்கா. நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் காரே சொல்லும்" என்றார் கடைக்காரர். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் பழுது பார்க்கும் இணைப்பில், தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் செருகினார். பிறகு காருக்குள் உட்கார்ந்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். கருவியைக் காருக்குப் பழக்குகிறாராம்!

அதன்பின் அவர் சொன்னதுதான் என்னை நம்பவைத்தது. "401 நெடுஞ்சாலையில் ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிடித்தால் மட்டும் காசு தாருங்கள். நானும் இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவன்." ஏமாற்றுகிறவன் காசு வாங்காமல் சாவியைத் தருவானா? ஓடிப் பார்த்தேன். திரையில் 30. திரும்பி வந்து 640 டொலரை எண்ணிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

பெற்றோல் செலவு ஒரு சதமும் குறையவில்லை. தாங்கியை நிரப்பி, 310 மைல் ஓடி, மறுபடியும் நிரப்பினேன். 47 லீற்றர் பிடித்தது. 310 மைல் என்றால் ஏறத்தாழ 499 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 9.4 லீற்றர் வருகிறது. பழைய 25 மைலைக் கணக்குப் பார்த்தாலும் அதே 9.4தான்!

காரின் அமைப்புப் பட்டியலைத் திறந்தபோது விடை கிடைத்தது. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அதாவது இருபது வீதம் பெரியது. அமெரிக்கக் கலனில் இருந்த அளவைப் பிரித்தானியக் கலனுக்கு மாற்றிவிட்டிருக்கிறார். 25 தானாகவே 30 ஆகிவிட்டது. எஞ்சின் முன்பு குடித்த அளவைத்தான் இப்போதும் குடிக்கிறது. வாக்குக் கொடுத்த இருபது வீதம் உண்மையாகக் கூடியிருந்தால் 9.4 லீற்றர் 7.8 ஆகியிருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: மைல் இருபது வீதம் கூடினால் பெற்றோல் இருபது வீதம் குறையாது, ஆறில் ஒரு பங்குதான் குறையும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று அவர் எனக்குப் போட்டுக்காட்டிய கணக்கும் பொய்.

கேட்கப் போனபோது, கருவி பழக ஆயிரம் மைல் ஓட வேண்டும் என்றார். அடுத்த முறை குளிர்காலப் பெற்றோலில் குறை என்றார். அளவு மாற்றியதைத் திரையிலேயே காட்டினேன். "பிள்ளைகள் யாராவது அழுத்தியிருப்பார்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் போய்விட்டார். இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. பச்சைப் பொய்யைச் சொல்லிக்கொண்டு வாய்க்கு வாய் அக்கா என்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த 640 டொலர் என் காரின் காப்புறுதிக்காக எடுத்துவைத்த பணம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க அளவில் எரிபொருளை மிச்சப்படுத்தும் எதையும் காணவில்லை என்று அறிவித்திருக்கிறது. நூறிலும் இல்லாதது இவரிடம் மட்டும் இருந்ததாம்.

எப்படித் தப்பிக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. திரையை நம்பாதீர்கள், பம்பில் பிடித்த லீற்றரை நம்புங்கள். 235ஐ அமெரிக்கக் கலனுக்கான மைலால் வகுத்தால் 100 கிலோமீற்றருக்கான லீற்றர் வரும். பிரித்தானியக் கலன் என்றால் 282ஐ வகுக்க வேண்டும். யாராவது கலன் என்று சொன்னால் எந்தக் கலன் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அட்டை இயந்திரம் பழுது, காசாகத் தாருங்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். என் 640 டொலரை அப்படித்தான் வாங்கினார், பற்றுச்சீட்டும் தரவில்லை.